இயன்றவரை

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் என் மனைவியும் மகளும் சுகம். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதைக் கேட்கிறாரா, இல்லை வழக்கம்போல டாக்டருக்கே வைத்தியம் சொல்லி அனுப்புகிறாரா?

செய்தியில் பார்த்திருப்பாய். தொற்றுக் காலத்தில் அரசு எப்படி நடந்துகொண்டது என்று ஆராயும் விசாரணை ஆணையத்துக்கு என்னைத் தலைமை வழக்கறிஞராகப் போட்டிருக்கிறார்கள். நடுவில் உட்காருபவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஆனால் யாரை அழைப்பது, என்ன கேட்பது என்பதெல்லாம் என் குழுவின் பொறுப்பு. அப்பா இருந்திருந்தால் தெருவில் போகிறவனை எல்லாம் நிறுத்திச் சொல்லியிருப்பார்.

ஒரு சங்கடம். உன் முதியோர் இல்லம் சாட்சிப் பட்டியலில் வருகிறது. நீ என் அக்கா என்பதை நீதிபதியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். உன் முறை வரும்போது நான் அறையை விட்டு வெளியேறிவிடுவேன். அதுவரை நாம் போனில் பேசினால் தேவையில்லாத வாய்களுக்குத் தீனி. கடிதம் எழுது, வீட்டு முகவரிக்கு, என் மனைவி பெயரில். நலம் விசாரிப்பதை யாரும் தடுக்க முடியாது. நானும் இயன்றவரை அடிக்கடி எழுதுகிறேன்.

உன் தம்பி


ஜனவரி 21

அன்புத் தம்பிக்கு,

இங்கு எல்லோரும் இருக்கிறோம். அத்தான் முழங்காலோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கிறார், உடன்பாடு எட்டவில்லை.

உன் செய்தியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பெருமைதான். போனில் பேசினால் தப்பு, தாளில் எழுதினால் சரி என்கிற உங்கள் சட்டம் எனக்குப் புரியவில்லை. பிழைத்துப் போகட்டும். நீ நலம் விசாரி, மற்றதை உன் ஆணையம் விசாரிக்கட்டும்.

உன் கையில் இந்த வேலை வந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அன்று சாயங்காலம் நடந்ததை வேறு யாரிடமானாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். உனக்கு வேண்டாம். ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாக வேண்டும் என்று ஆறு முதியவர்களை ஆம்புலன்சில் ஏற்றி என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சோதனை செய்தீர்களா என்று கேட்டேன். டிரைவர் சுற்றறிக்கையை நீட்டினார். "இயன்றவரை பரிசோதனை செய்த பின் இல்லங்களுக்கு அனுப்பலாம். இல்லங்கள் மறுக்கக் கூடாது." நான் அவர்களை வெயிலிலேயே நிறுத்திவிட்டு உனக்குப் போன் செய்தேன். "இயன்றவரைன்னுதானே போட்டிருக்கு, மறுத்தா உன் மேலதான் கேஸ் வரும். ஏத்துக்கோக்கா" என்றாய். ஏற்றுக்கொண்டேன். அந்த மாதத்தில் பதினோரு பேரைப் பறிகொடுத்தேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை. என் கண்ணில் பட்டதுதான் உன் கண்ணிலும் பட்டது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை யார் போட்டது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் சோதிக்காத ஒருவரைக்கூட அவர்கள் அனுப்பியிருக்க முடியாது, நானும் கதவைச் சாத்தியிருப்பேன். நீ அதைக் கேட்பாய்தானே?

எங்கள் "ரேடியோ"வை நினைவிருக்கிறதா? வாய் மூடாமல் பேசுவாரே, தபால் ஆபீசில் வேலை பார்த்த அம்மாள். நீ போன முறை இங்கே வந்தபோது உன்னை மூன்று மணி நேரம் பிடித்து வைத்துக்கொண்டாரே, அவர்தான். முதலில் போனதும் அவர்தான். அவர் மகன் இப்போது வாரம் ஒருமுறை வந்து என் எதிரே உட்காருகிறான். திட்டுவதில்லை. திட்டினால் தேவலை.

அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. இங்கே தலைக்கு மேல் வேலை. பழைய காப்பீட்டு நிறுவனம் ஒன்று காலி செய்துவிட்டுப் போன கட்டிடத்தில் எங்களைக் குடிவைத்திருக்கிறார்கள். ஏசியை நிறுத்தவும் முடியவில்லை, குறைக்கவும் முடியவில்லை. ஜூனியர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். எனக்கு இருமல் வந்தால் அறையே நிமிர்ந்து பார்க்கிறது. இந்த ஆணையத்தில் இருமுவது அவ்வளவு நாகரிகமில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று கேட்பாய். உறவினர்கள், ஆஸ்பத்திரிகள், துறைகள் எல்லோரும் தங்கள் கேள்விகளை எழுதிக் கொடுப்பார்கள். ஜூனியர்கள் வடிகட்டுவார்கள். கடைசியில் என் மேஜைக்கு வரும். நான் கையெழுத்திடாத கேள்வி அறைக்குள் கேட்கப்படாது. எங்கள் தொழிலில் பாலபாடம் ஒன்று உண்டு: பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே. ஆணையத்தில் அது இன்னும் கடினம், இங்கே பதில் தெரிந்த கேள்வியையும் எப்போது கேட்பது என்று பார்க்க வேண்டும்.

உன் சாட்சியத்தை என் மூத்த ஜூனியர் நடத்துவாள். கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி. பயப்படாதே. மகளின் பள்ளி விடுமுறைக்கு உன்னிடம் வரலாம் என்று இருக்கிறோம். இயன்றவரை வந்துவிடுவேன்.

அத்தானுக்கு என் அன்பு. குளிர் தண்ணீரில் குளிக்க வேண்டாம் என்று சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 25

அன்புத் தம்பிக்கு,

உன் இருமலுக்கு வெந்நீர் குடி. அத்தான் குளிர் தண்ணீரை விட்டுவிட்டார், குளிப்பதையே விட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய், ஏசியைப் பற்றிக்கூட. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. மறந்திருப்பாய்.

அதனால் இன்னொரு தடவை கேட்கிறேன், ஏன் கேட்கிறேன் என்பதையும் சேர்த்து. என் உரிமம் ஆறு மாதமாகப் புதுப்பிக்கப்படவில்லை. ஆணையத்தின் அறிக்கை வரட்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். நாற்பது பேர் இருந்த இல்லத்தில் இப்போது பதினாறு பேர். இவர்களும் போக்கிடம் இல்லாததால்தான் இருக்கிறார்கள். போன வாரம் யாரோ கேட்டில் "கொலைகாரி" என்று எழுதிவிட்டுப் போனார்கள். அத்தான் முழங்காலையும் பார்க்காமல் உட்கார்ந்து மேலே பெயிண்ட் அடித்தார். இரண்டு கோட் அடித்தும் உள்ளிருந்து தெரிகிறது. காலையில் பால்காரர் கேட்டைப் பார்க்காமல் பாலைக் கொடுக்கிறார், பாவம், அவருக்குத்தான் அதிக வெட்கம்.

எனக்குப் பாராட்டு வேண்டாம். அனுப்பியவர்கள் பெயர் ஓரிடத்தில் வர வேண்டும். அவ்வளவுதான். ஊரெல்லாம் கையைக் கழுவு கையைக் கழுவு என்று போஸ்டர் ஒட்டினார்கள். முதலில் கழுவியது அவர்கள்தான், எங்களை.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். கேட் விஷயம் கேட்டு மனது கஷ்டப்பட்டது. போலீசில் சொன்னாயா?

அடுத்த வாரம் சுகாதாரத் துறைச் செயலாளர் சாட்சி சொல்கிறார். நானே விசாரிக்கிறேன். நேரடி ஒளிபரப்பு உண்டு, பார். சுற்றறிக்கை பற்றிக் கேட்பேன்.

உன் முறை மே மாதம் வரும். சில யோசனைகள்: வெளிர் நிறத்தில் புடவை கட்டு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கதை சொல்லாதே. அழுகை வந்தால் தண்ணீர் கேள். ஏற்றுக்கொள்ளும் முன் யாரிடமாவது ஆலோசனை கேட்டாயா என்று கேட்கலாம். "மேலிடத்தில் விசாரித்தேன்" என்று சொன்னால் போதும். அது பொய்யும் ஆகாது. அந்தச் சமயம் நான் துறைக்குத்தானே ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன், அந்த வகையில் நீ விசாரித்தது மேலிடத்தில்தான்.

அவசரமாக முடிக்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை, டிவியில் பார்த்தேன். இளைத்திருக்கிறாய். கழுத்துப் பட்டை தொளதொளவென்று இருக்கிறது.

சாப்பாட்டு ஹாலில் டிவியை வைத்து எல்லோரும் உட்கார்ந்தோம். ரேடியோவின் மகனும் வந்திருந்தான். முதல் ஒரு மணி நேரம் நீ அந்தச் செயலாளரை உரித்தெடுத்துவிட்டாய். படுக்கை எத்தனை, சோதனைக் கிட் எத்தனை, கிடங்கில் கிட் இருக்கும்போதே ஏன் சோதிக்கவில்லை என்று நீ கேட்கக் கேட்க, எங்கள் முன்னாள் பஸ் கண்டக்டர், அவருக்கு எழுந்து நிற்பதே பெரும்பாடு, எழுந்து நின்று, "போடு! இன்னொண்ணு போடு!" என்று கத்தினார். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. "என் தம்பி" என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்புறம் சுற்றறிக்கை வந்தது. "இயன்றவரை என்ற சொல் எப்படி வந்தது?" என்று கேட்டாய். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் வரைவில் அது இல்லைங்க. சட்ட ஆலோசகர் திருத்திக் கொடுத்தப்ப சேர்ந்தது" என்றார். ஹாலில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அடுத்த கேள்வி என்ன என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ரேடியோவின் மகன் டிவியைப் பார்த்து, "யாருன்னு கேளுங்க சார், யாருன்னு கேளுங்க" என்றான்.

நீ தண்ணீர் குடித்தாய். பக்கத்தைத் திருப்பினாய். ஆக்சிஜன் சிலிண்டருக்குப் போய்விட்டாய்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ துறைக்கு ஆலோசகராக இருந்தாய் என்று உன் போன கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது. அந்தச் சமயம் நீ தனியாகப் பிராக்டீஸ் பண்ணுகிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். உன்னையறியாமல் எழுதிவிட்டாய், எதையும் பொய்யாகாதபடி சொல்லும் உன் வழக்கமே உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

காலேஜ் ஹாஸ்டலிலிருந்து நீ எழுதிய கடிதங்கள்கூட என்னிடம் இருக்கின்றன. "இயன்றவரை படிக்கிறேன்." "இயன்றவரை லீவுக்கு வருகிறேன்." நம் வீட்டில் வேறு யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. "முடிஞ்சா வரேன்னு சொல்லித் தொலையேன்டா" என்று அப்பா சிரிப்பார். வராமல் போனால் உன்னைக் குற்றம் சொல்ல முடியாதபடி ஒரு வார்த்தை. சிறு வயதிலேயே நீ வக்கீல்தான்.

நீயா போட்டாய்? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். புதிதாக ஒரு பெல்ட் வந்திருக்கிறதாம், மருந்துக் கடையில் கேட்டுப் பார்க்கச் சொல். உன் ரத்த அழுத்தம் எப்படி? மாத்திரையை நேரத்துக்குப் போடு. கண்டக்டர் பெரியவருக்கும் மற்றவர்களுக்கும் என் வணக்கம். மகளுக்குப் பல் வளைந்து முளைத்திருக்கிறது, கம்பி கட்ட வேண்டும் என்கிறார்கள்.

சில கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இடம் கடிதம் இல்லை. ஒன்று மட்டும் யோசித்துப் பார். இந்த நேரத்தில் நான் விலகினால் ஆணையம் ஒரு வருடம் படுத்துவிடும். புதிதாக வருபவன் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். துறைக்காரர்கள் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். செயலாளரை அந்தப் பாடு படுத்த வேறு யாரால் முடிந்திருக்கும்? உறவினர்கள் எல்லோரும் என்னைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

உன் சாட்சியம் மே 19, காலை. வண்டி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். விடுமுறைக்கு, முடிந்தால், வருகிறோம்.

உன் தம்பி


மே 22

தம்பிக்கு,

பெல்ட் வாங்கினோம். வலி போகவில்லை. மாத்திரை போடுகிறேன்.

"முடிந்தால்" என்று எழுதியிருந்தாய். பிறந்ததிலிருந்து முதல் தடவை. அந்த ஒரு இடத்தில் மட்டும் பேனாவை நிறுத்தி வேறு வார்த்தை தேடியிருக்கிறாய். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சாட்சிக் கூண்டு என்று நினைத்து வந்தேன், சாதாரண மேஜை நாற்காலிதான். குளிர் நீ சொன்னபடியே. எதிரே உன் காலி நாற்காலி. முதுகில் உன் கோட்டைத் தொங்கவிட்டுவிட்டுப் போயிருந்தாய். உன் ஜூனியர் மரியாதையாகத்தான் கேட்டாள். ஆறு பேரைத் தனி அறையில் வைத்தீர்களா? வைத்தேன். முகக்கவசம் இருந்ததா? சமையல்காரர் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்துக் கொடுத்தார். சோதனை ஆகவில்லை என்று தெரிந்தும் ஏன் ஏற்றுக்கொண்டீர்கள்? சுற்றறிக்கையில் மறுக்கக் கூடாது என்று இருந்தது.

அடுத்தது அந்தக் கேள்விதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். தம்பி, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று வண்டியில் வரும்போதும் எனக்குத் தெரியாது. ஒரு திருப்பத்தில் உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தோன்றும், அடுத்த திருப்பத்தில் ரேடியோவின் முகம் வரும். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் முடிவுசெய்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவள் தாளைப் பார்த்தாள். உன் நாற்காலியைப் பார்த்தாள். "வேற கேள்வி இல்லைங்கம்மா, நன்றி" என்றாள்.

வராந்தாவில் பின்னாலேயே ஓடி வந்தாள். "அம்மா, யார்கிட்டயாவது கேட்டீங்களான்னு நான் ஒரு கேள்வி வச்சிருந்தேன். சார் எடுத்துட்டாரு. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு சொன்னாரு" என்றாள். உன்மேல் அவளுக்கு எவ்வளவு மரியாதை. கண் கலங்கியிருந்தது, நீ அக்காமேல் பாசத்தில் எடுத்தாய் என்று நினைத்துக்கொண்டு.

நான் உனக்காகப் பொய் சொல்வேன் என்றும் நீ நம்பவில்லை, உண்மையைச் சொன்னால் தாங்கலாம் என்றும் நினைக்கவில்லை. என் வாயிலிருந்து எதுவும் வராமல் பார்த்துக்கொண்டாய். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நீ சின்னப் பையனாக இருந்தால் இரண்டு அறை விட்டிருப்பேன்.

அக்கா


செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நானும் எழுதவில்லை, அறிக்கை வேலை என்னை விழுங்கிவிட்டது. எல்லோரும் நலமா?

அறிக்கை நேற்று வெளியாகிவிட்டது. துறையை நன்றாகவே கிழித்திருக்கிறோம். பத்திரிகைகள் பாராட்டுகின்றன. உன் இல்லம் பற்றி ஒரு பத்தி வருகிறது. முதல் வரைவில் "அலட்சியம்" என்று இருந்தது. நான் போராடி "கவனக்குறைவு" என்று மாற்றினேன். உன் பெயரும் இல்லை, "ஓர் இல்லத்தின் பொறுப்பாளர்" என்று மட்டும். ஏற்பதற்கு முன் பொறுப்பாளர் எவரிடமும் ஆலோசனை கேட்டதாகச் சாட்சியம் இல்லை என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. வருத்தப்படாதே. கேட்கவில்லை என்று சொல்லவில்லை, சாட்சியம் இல்லை என்றுதான் இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

உரிமம் விஷயமாக எனக்குத் தெரிந்த ஒருவரிடம் பேசிப் பார்க்கிறேன். என்னை வெறுக்காதே அக்கா.

உன் தம்பி


அக்டோபர் 9

தம்பிக்கு,

அத்தான் நலம். நான் நலம். உரிமம் போய்விட்டது. உனக்குத் தெரிந்த ஒருவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பதினாறு பேரையும் மூன்று இல்லங்களுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். ஏறும்போது கண்டக்டர் பெரியவர் வேனுக்கே விசில் அடித்தார், யாரும் சிரிக்கவில்லை.

நேற்று ரேடியோவின் மகன் வந்தான். கையில் உன் அறிக்கை. அந்தப் பத்தியை எனக்குப் படித்துக் காட்டினான். நீ சொன்ன வித்தியாசம் அவனுக்குத் தெரியவில்லை. எனக்குமே தெரியவில்லை. மடித்து வைத்துவிட்டு இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அழுதான். "ஒரு போன் போட்டிருக்கலாமேம்மா. யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா எங்கம்மா இருந்திருப்பாங்கல்ல?" என்றான்.

ஆணையம் கேட்காததை அவன் கேட்டுவிட்டான். நான் கூண்டில் இல்லை, சத்தியமும் செய்யவில்லை. மேலிடத்தில் விசாரித்தேன் என்று சொல்லியிருக்கலாம். சும்மாவே இருந்திருக்கலாம்.

"கேட்டேன்பா" என்றேன்.

"யார்கிட்டம்மா?"

சொன்னேன். அந்த வார்த்தையை யார் போட்டது என்பதையும் சொன்னேன். அவன் கத்துவான் என்று நினைத்தேன். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். உன் முகவரியைக் கேட்டான். ஆபீஸ் முகவரி வேண்டாம் என்றான். வீட்டு முகவரியைக் கொடுத்தேன்.

உன்னை வெறுக்கிறேனா என்று கேட்காதே. தூக்கி வளர்த்த பிள்ளையை வெறுக்கவும் தெரியவில்லை, வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அதனால் அவனை அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறான். உட்கார வைத்துப் பேசு. உன் மகளை அந்த நேரம் வெளியே அனுப்பிவிடு. நல்ல பையன், கை நீட்ட மாட்டான். ஆனால் வலது காது கேட்காது. நீ வாய்க்குள் முணுமுணுத்தால், விளங்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்பான்.

அக்கா